எந்த மேடைக்கு எந்தப் பாட்டு?

(புதுக்கோட்டையில் இசை ரசிகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது நாம் பேசிக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். தோடி நன்றாக இருந்தது என்போம். நிரவல் அபாரம் என்போம். தனியில் மிருதங்கம் பேசிற்று என்போம். இன்றைக்கு இந்தப் பாட்டை ஏன் எடுத்தார், அதை ஏன் மூன்றாவதாக வைத்தார், போன மாதம் திருச்சியில் பாடியதை இங்கே ஏன் பாடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பெரிய வித்வான்களின் கச்சேரி களைகட்டியதற்குப் பாதிக் காரணம் அந்தத் தேர்வில் இருக்கிறது. குரலும் ஞானமும் ஒரே அளவில் உள்ள இருவர் பாடி, ஒருவர் கச்சேரி நிறைவாகவும் மற்றவர் கச்சேரி குறையாகவும் அமைந்தால், வித்தியாசம் பெரும்பாலும் பாட்டுத் தேர்வில்தான் இருக்கும். ஊர் ஊராகச் சென்று பாடிய மூத்த கலைஞர்கள் பாட்டை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதைப் பேசுவதற்குப் புதுக்கோட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இங்கிருந்து சிறிது தொலைவில் குடுமியான்மலை இருக்கிறது. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுத்தமைதியால் கணிக்கப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு கிராம ராகங்களுக்கு ஏழு பகுதிகள் பிரித்து, சுரங்களை நான்கு நான்காகக் கட்டி வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் சீடரான ஓர் அரசர் மாணவர்களின் நலனுக்காகச் செய்தது என்று அக்கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டிய செய்தி வேறு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் ஒருவர், எதைக் கற்க வேண்டும், எந்த வரிசையில் கற்க வேண்டும் என்று தீர்மானித்துப் பாறையில் பதித்திருக்கிறார். தேர்வும் வரிசையும் இசைக்குள் அடங்கியவை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேறெங்கே தேடுவது?

இன்னொரு காரணமும் உண்டு. திருமயத்தைத் தாண்டிக் காரைக்குடிப் பக்கம் போனால் அரியக்குடி. இன்றைய கச்சேரி முறைக்கு உருக்கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1890-இல் பிறந்த ஊர் அது. அவருக்கு முதலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் புதுக்கோட்டை மலையப்ப ஐயர். பிறகு நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும், அதன்பின் நெடுங்காலம் பூச்சி ஐயங்கார் என்று அழைக்கப்பட்ட ராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரிடமும் கற்றார். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். ஆக, தியாகராஜரின் சீட பரம்பரையிலிருந்து வந்த பாடாந்தரம் அரியக்குடியின் கையில் இருந்தது. அவர் செய்த பெரிய காரியம், அந்தச் செல்வத்தை மேடையில் எப்படி எடுத்து வைப்பது என்று கண்டதுதான்.

அவருக்கு முந்திய தலைமுறையின் கச்சேரி எப்படி இருந்தது? சமஸ்தான அவைகளிலும் செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளிலும் நான்கு மணி, ஐந்து மணி நேரம் பாடுவார்கள். ராகமும் பல்லவியும்தான் வித்வத்துக்கு உரைகல். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடினால்தான் பெரிய வித்வான். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று பேர்பெற்ற பெருங்கச்சேரிகள் செய்தார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய பக்கவாத்தியம் இருக்கும். தாளக் கணக்கில் சிங்கமான அவர் எடுக்கும் உருப்படிகளும் பல்லவிகளும் அந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்து எடுத்தவை. அதே நாயனாப் பிள்ளை அபூர்வமான தியாகராஜ கீர்த்தனங்களையும் திருப்புகழையும் தேடித் தேடிப் பாடம் பண்ணி மேடையேற்றினார். லய வித்வானுக்கு வேலை கொடுக்கும் பாட்டு எது என்று அவருக்குத் தெரியும். திருப்புகழின் சந்தத்தை அவர் விரும்பியதில் வியப்பில்லை.

காலம் மாறிற்று. சமஸ்தான ஆதரவு சுருங்கிச் சபாக்கள் பெருகின. டிக்கெட் வாங்கி வந்து உட்காரும் கூட்டத்தில் பண்டிதரும் இருப்பார், வக்கீலும் வியாபாரியும் பள்ளிக்கூட வாத்தியாரும் இருப்பார்கள். ஒரே ராகத்தில் இரண்டு மணி நேரம் அவர்கள் எல்லோரையும் உட்கார வைக்க முடியாது. இந்த நிலைமையைப் புரிந்துகொண்டு அரியக்குடி ஒரு வரிசையைச் செம்மைப்படுத்தினார். வர்ணத்தில் தொடக்கம். விநாயகர் மீதோ வேறு தெய்வத்தின் மீதோ விறுவிறுப்பான சிறு கிருதிகள் இரண்டு மூன்று. பிறகு அளவான ஆலாபனையோடு ஒரு ராகம். நடுவில் ஒரு துரித உருப்படி. அதன் பின் கனமான பிரதான கிருதி, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம். நேரம் இருந்தால் ராகம் தானம் பல்லவி. கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், விருத்தம், தில்லானா, மங்களம். இன்றைக்கு இதைப் பார்த்தால் எல்லோரும் செய்வதுதானே என்று தோன்றும். எல்லோரும் செய்யும்படி அவர் செய்தார் என்பதே அவர் பெருமை.

இந்த வரிசையில் ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் உண்டு. வர்ணத்தை ஏன் முதலில் வைக்க வேண்டும்? அதில் ராகத்தின் முழு உருவமும் அடங்கியிருக்கிறது. மேல்காலத்தில் பாடும்போது குரல் இளகுகிறது. சுருதி சேர்கிறது. வயலின்காரரும் மிருதங்கக்காரரும் பாடகரின் அன்றைய காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்து வரும் மத்தியம கால உருப்படிகள் தாமதமாக வந்து இடம் தேடும் ரசிகரையும் கச்சேரிக்குள் இழுத்துவிடுகின்றன. அதன் பிறகுதான் சௌக்கமான பாட்டுக்கு அவை தயாராகிறது. பிரதான ராகத்துக்கு முன்னால் ஒரு துரித கிருதியை வைப்பதன் பலன், காதுக்கு ஓய்வு கொடுத்து அடுத்த கனத்தை வாங்கிக்கொள்ள இடம் செய்வது.

சரி, வரிசை தெரிந்துவிட்டது. உருப்படியை எப்படிப் பொறுக்குவது? இங்கேதான் மூத்தவர்களின் அனுபவம் வெளிப்படுகிறது. முதல் விதி, அடுத்தடுத்த இரண்டு ராகங்கள் ஒன்றன் சாயலை ஒன்று கெடுக்கக் கூடாது. அன்று பைரவி பிரதானம் என்றால் முன்னால் மாஞ்சியோ முகாரியோ வரக் கூடாது. காம்போதிக்கு முன்னால் அரிகாம்போதியும் கமாஸும் வேண்டாம். ஆரபியும் தேவகாந்தாரியும், தர்பாரும் நாயகியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. சுத்த மத்தியம ராகங்கள் இரண்டு மூன்று போனால் பிரதி மத்தியமத்தில் ஒன்று வர வேண்டும். ஒரு கல்யாணியோ பந்துவராளியோ நடுவில் விழுந்தால் அவை நிமிர்ந்து உட்காரும்.

தாளத்துக்கும் இதே கணக்கு. வரிசையாக ஆதி தாளமே வந்தால் பாட்டு எத்தனை நன்றாயிருந்தாலும் ஒரே நடையில் போவதுபோல் இருக்கும். ரூபகம், மிச்ர சாபு, கண்ட சாபு என்று மாற வேண்டும். எடுப்பும் மாற வேண்டும். சமத்தில் எடுக்கும் பாட்டு ஒன்று, அரை இடத்தில் ஒன்று, ஒன்றரை இடத்தில் ஒன்று என்று கலந்து வந்தால் மிருதங்க வித்வான் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக யோசிப்பார். வாக்கேயக்காரர்களும் கலந்து வர வேண்டும். தியாகராஜர் பாட்டு உருக்கும். தீட்சிதர் பாட்டு நிதானத்துக்குள் கொண்டுபோகும். சியாமா சாஸ்திரி லயத்தோடு கருணையைச் சேர்ப்பார். முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் தமிழின் சுவையை நேரே மனத்துக்குள் வைப்பார்கள். இவர்களில் யாரைப் பாடுகிறோம், யாரை விடுகிறோம் என்பது பாடகரின் மனத்தைக் காட்டிவிடும்.

மேடையில் ஏறிய பிறகும் தேர்வு ஓய்வதில்லை. நம் கச்சேரியில் ஒத்திகை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. பாடகர் மனத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அவையின் முகத்தைப் பார்ப்பார், அன்றைய தொண்டையைப் பார்ப்பார், பக்கவாத்தியக்காரர்களின் உற்சாகத்தைப் பார்ப்பார். பட்டியலில் இருந்த தோடி போய்ச் சங்கராபரணம் வந்துவிடும். ராகத்தின் முதல் பிடியைப் பாடியதுமே வயலின் வித்வான் கண்டுகொள்வார். இந்தச் சுதந்திரத்தை அரியக்குடி பத்ததி பறிக்கவில்லை. வரிசையை அவர் நிலைப்படுத்தியதால்தான் உள்ளே உருப்படியை நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடிந்தது.

பக்கவாத்தியம் என்றதும் புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியாது. கிராமத்துப் பஜனையிலும் தெருவிலும் ஒலித்த ஒரு கைக்கருவியை, உடும்புத் தோல் கட்டிய கஞ்சிராவாகக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் தென்னாட்டையே ஆண்டார். தஞ்சாவூர்ப் பாணிக்கு நிகராகப் புதுக்கோட்டைப் பாணி என்று ஒன்று உண்டாயிற்று. பழனி சுப்பிரமணிய பிள்ளை அந்தப் பரம்பரையில் வந்தவர். இடது கைக்காரரான அவருக்காக மேடையில் இருக்கை மாற்றி உட்கார வேண்டியிருந்ததால் தயங்கியவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் சேர்த்துக்கொண்டு முன்னுக்குக் கொண்டுவந்தார். பழனியின் சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவில் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் புதுக்கோட்டைப் பாணி லயத்தைக் கற்பித்தார்.

இந்த லய மரபு பாட்டுத் தேர்வை நேரடியாகப் பாதித்தது. தட்சிணாமூர்த்தி பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேலோட்டமான உருப்படிகளை மட்டும் பாடி ஒப்பேற்ற முடியுமா? இரண்டு களையில் ஒரு பெரிய கிருதியாவது, நல்ல எடுப்புள்ள ஒரு பல்லவியாவது இருந்தால்தான் அவர் போன்றவர்களுக்கு இடம் கொடுத்ததாகும். தனி ஆவர்த்தனத்தைப் பிரதானத்துக்குப் பின் வைப்பதும் அந்தக் கிருதியின் தாளத்தைக் கவனித்து எடுப்பதும் சக கலைஞருக்குச் செய்யும் மரியாதை. தன் குரல் மட்டும் எடுபட வேண்டும் என்று பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெரிய வித்வானாக நிலைக்க மாட்டார்.

அடுத்து, ஊர். சுற்றுப்பயணம் போகும் கலைஞர் எல்லா ஊரிலும் ஒரே கச்சேரியைத் திரும்பச் செய்தால் அது பயணமே தவிரக் கலை அல்ல. பழைய வித்வான்கள் பலர் எந்த ஊரில், எந்த ஆண்டில், எதைப் பாடினோம் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். அதே சபாவுக்கு அடுத்த ஆண்டு போகும்போது பிரதான ராகம் மாறும். கோயில் திருவிழா என்றால் அந்தத் தெய்வத்தின் மீது பாட்டு இருக்க வேண்டும். நாகசுரக்காரர்களைப் பாருங்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, விடியலுக்குப் பூபாளம் என்று இடமும் நேரமும் பார்த்துத்தான் அவர்கள் வாசிப்பு அமைகிறது. தெருவில் எந்த இடத்தில் சுவாமி நிற்கிறார் என்பதைக்கூட அவர்களின் வாசிப்பு அறிந்திருக்கும். வாய்ப்பாட்டுக்காரர்களும் கற்றுக்கொள்ள வேண்டிய மரபு அது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருமயத்துப் பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். ஆவுடையார்கோயில்தான் மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை என்பது நம் மரபு. திருப்புனவாசலுக்குச் சம்பந்தரும் சுந்தரரும் தேவாரம் பாடியிருக்கிறார்கள். விராலிமலை முருகனுக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது, குறவஞ்சி இருக்கிறது. அந்த மலையடிவாரத்துச் சதிர் மரபைத் தன் உடம்பிலும் குரலிலும் காத்துவந்த முத்துக்கண்ணம்மாள் 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். சதாசிவ பிரம்மேந்திரர் 1738-இல் திருவரங்குளம் காட்டில் தொண்டைமான் மன்னருக்கு மணலில் மந்திரம் எழுதிக் கொடுத்தார் என்பது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நெடுநாள் மரபு. அந்த மணலை அரண்மனையில் வைத்துப் பூசித்தார்கள். நவராத்திரியில் அம்மன் காசு வழங்கினார்கள். அந்த மகானின் சமஸ்கிருதக் கீர்த்தனங்கள் தமிழ்நாட்டு மேடையெங்கும் ஒலிக்கின்றன.

இத்தனை பாட்டுச் சொத்து உள்ள மாவட்டத்துக்கு ஒரு பாடகர் வந்து, இங்கே விளைந்த ஒரு பாட்டையும் தொடாமல் போனால் அது அவருக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். விராலிமலையில் பாடும்போது விராலிமலைத் திருப்புகழைப் பாடினால், ராகம் அறியாத மூதாட்டியும் தலையசைப்பார். ஊரின் நினைவைத் தொடும் பாட்டு கேட்பவரைக் கச்சேரிக்குப் பங்காளியாக்கிவிடுகிறது.

மொழியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில், துக்கடா என்ற பேரில், ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் வந்துகொண்டிருந்த காலம் உண்டு. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதிய கல்கி அது ஏன் என்று விடாமல் கேட்டார். ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பெரிய சர்ச்சை எழுந்தது. இசைக்கு மொழி எதற்கு என்றார்கள் ஒரு சாரார். பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் பொருள் தெரியாத பாட்டில் பாவம் எப்படி வரும் என்று கேட்டார்கள் மறு சாரார். அது முழுக்க முழுக்கப் பாட்டுத் தேர்வைப் பற்றிய சர்ச்சைதான். எந்தப் பாட்டைக் கச்சேரியின் நடுவில் வைப்பது, எதை ஓரத்தில் வைப்பது என்பதே கேள்வி.

அதன் விளைவு நல்லதாக முடிந்தது. தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் உயிர்நிலையில் நிறுத்தினார்கள். பாபநாசம் சிவனின் கிருதிகள் பிரதான இடத்துக்கு வந்தன. டி.கே. பட்டம்மாள் விடுதலைக்கு முன்பே பாரதியார் பாடல்களை மேடையில் பாடி அவையை எழுப்பினார். அரியக்குடி ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். மார்கழி மாதத்தில் இன்றும் நாம் கேட்பது பெரும்பாலும் அவர் போட்ட பாதையைத்தான். தெலுங்குக் கீர்த்தனத்தின் உயர்வைக் குறைக்காமலே தமிழுக்கு இடம் செய்ய முடியும் என்று இவர்கள் காட்டினார்கள்.

நவீனக் கருவிகளும் தேர்வை மாற்றின. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும். எந்த உருப்படியைச் சுருக்கினால் சுவை கெடாது என்று யோசிக்க வேண்டியிருந்தது. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பிறகு, இந்தப் பகுதியில் மேடையே இல்லாத ஊர்களுக்கும் கச்சேரி போய்ச் சேர்ந்தது. கடிகாரம் பார்த்துப் பாடும் பழக்கம் வந்தது. ஒலிபெருக்கி வராத காலத்தில் உச்ச ஸ்தாயியில் முழங்கும் குரலுக்கே மரியாதை. ஒலிபெருக்கி வந்த பிறகு மென்மையான பதமும், நுட்பமான கமகமும் கடைசி வரிசைக்கும் கேட்டன. பாட்டுப் பட்டியலில் புதிய உருப்படிகள் சேர்ந்தன.

கடல் கடந்த பயணங்களில் தேர்வின் பொறுப்பு இன்னும் பெரியது. 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். இசையின் இலக்கணம் தெரியாத பன்னாட்டுப் பிரதிநிதிகள் எதிரே அமர்ந்திருந்தார்கள். அவர் நம் கீர்த்தனங்களை விட்டுவிடவில்லை. அவற்றோடு, போரை விட்டு நட்பைப் போற்றும்படி வேண்டும் ஒரு பாட்டைக் காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் இயற்றிக் கொடுத்தார். ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாடல் எழுதினார். இரண்டும் அந்த மேடைக்கென்றே உண்டானவை. எம்.எஸ்ஸின் பட்டியலைக் கணவர் சதாசிவம் முன்கூட்டியே யோசித்து அமைப்பார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. பல மொழிகளிலும் பாட்டுக் கற்று, போகும் பகுதியின் மக்களுக்கு அவர்கள் மொழியில் ஒன்று பாடுவது எம்.எஸ்ஸின் வழக்கம். அதற்காக உச்சரிப்பை மாதக்கணக்கில் பழகுவார். கேட்பவர்களிடம் வைத்த மதிப்பு அது.

திரையிசை மேடையின் நிலைமை வேறு. அங்கே வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கேட்கவே வருகிறார்கள். 2017-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தம் ஐம்பது ஆண்டு இசைவாழ்வைக் கொண்டாடும் பயணமாக அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்தபோது, இளையராஜா இசையமைத்த பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடுவது பற்றி அவர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எஸ்.பி.பி. அந்தப் பாடல்களை விட்டுவிட்டு மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களோடு பயணத்தைத் தொடர்வதாக அறிவித்தார். 2019-இல் இருவரும் சென்னையில் ஒரே மேடையில் நின்றார்கள். பாட்டு யாருடையது என்பதும் தேர்வுக்குள் வந்துவிட்ட காலம் இது.

மேலைநாட்டிலும் மூத்த பாடகர்கள் இதே கேள்வியோடு போராடுகிறார்கள். 1988 முதல் பல்லாண்டு ஓயாமல் ஊர் சுற்றிப் பாடிய பாப் டிலன் தம் பழைய பாட்டுகளையே அடையாளம் தெரியாதபடி மெட்டு மாற்றிப் பாடுவார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கூட்டத்தில் ரசிகர்கள் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளைப் பார்த்து அந்த நேரத்தில் பாட்டை எடுப்பார். நம் ஊரில் முன்வரிசையிலிருந்து மேடைக்குப் போகும் துண்டுச் சீட்டுக்கு அவர்கள் ஊர் வடிவம் அது.

துண்டுச் சீட்டை மூத்த கலைஞர்கள் அலட்சியம் செய்யவில்லை. புதுக்கோட்டை தந்த பி.யு. சின்னப்பா வளர்ந்த நாடக மேடையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் பாட்டு மறுபடி வரும். மதுரை மணி ஐயர் கச்சேரியில் அவருடைய ஆங்கில நோட்டு ஸ்வரத்தைக் கேட்காமல் ரசிகர்கள் எழ மாட்டார்கள். அவரும் முகம் கோணாமல் பாடுவார். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு முன்னால் ராகத்தையும் நிரவலையும் முழுசாகப் பரிமாறியிருப்பார். ரசிகன் கேட்டதையும் கொடுக்க வேண்டும், அவன் கேட்கத் தெரியாமல் இருந்த ஒன்றையும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்தவரே மூத்த கலைஞர்.

வயது ஏறும்போது தேர்வு இன்னும் கூர்மையாகிறது. சுருதியைக் குறைத்துக்கொள்வார்கள். மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நிற்கும் உருப்படிகளை விடுவார்கள். வேகத்தால் ஜொலிக்கும் பாட்டை இளைஞர்களுக்கு விட்டுவிட்டு, பாவத்தால் நிற்கும் பாட்டை எடுத்துக்கொள்வார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதை எட்டிய பிறகும் பாடினார். எதைப் பாட வேண்டும் என்பதோடு எதை இனிப் பாட வேண்டாம் என்பதும் தெரிந்திருந்தால்தான் அந்த வயதில் மேடை ஏற முடியும்.

இன்றைய நிலை என்ன? கச்சேரி இரண்டு, இரண்டரை மணியாகச் சுருங்கிவிட்டது. பல்லவி பல மேடைகளில் விடுபடுகிறது. டி.எம். கிருஷ்ணா வர்ணத்தைக் கச்சேரியின் நடுவில் வைத்து விரிவாகப் பாடிப் பழைய வரிசையைக் கேள்விக்கு உள்ளாக்கினார். கேள்வி எழுவது நல்லதே. அரியக்குடியும் தம் காலத்தில் பழைய வரிசையை மாற்றியவர்தான். எனக்குக் கவலை தருவது வேறு. எந்த ஊருக்குப் போனாலும், யார் எதிரில் இருந்தாலும், பயிற்சி செய்து பதிவாகிவிட்ட அதே ஏழெட்டு உருப்படிகளை அதே வரிசையில் பாடிவிட்டுப் போகும் பழக்கம் வளர்கிறது. அந்தப் பழக்கம் வேரூன்றினால் நூற்றுக்கணக்கான கிருதிகள் ஏட்டில் மட்டும் இருக்கும். ஒரு பாட்டு உயிரோடிருக்க ஒரே வழி, யாராவது அதைத் தேர்ந்தெடுத்துப் பாடுவது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

இளம் பாடகர்களே, இசைப்பள்ளி மாணவர்களே! ஒரு கச்சேரிக்கு எட்டு உருப்படி போதும். ஆனால் எட்டு உருப்படி மட்டும் தெரிந்தவர் தேர்ந்தெடுக்க முடியாது, தெரிந்ததைப் பாட மட்டுமே முடியும். பாடாந்தரத்தைப் பெருக்குங்கள். நல்ல குருவிடம் உட்கார்ந்து, ஒரு ராகத்தில் ஐந்து கிருதிகளாவது கற்றுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துத் தேவாரத்தையும் திருவாசகத்தையும் பாசுரத்தையும் திருப்புகழையும் உங்கள் சொத்தாக்கிக்கொள்ளுங்கள். எதை எங்கே பாடினோம் என்று எழுதி வையுங்கள்.

விழா நடத்துகிறவர்களே! கலைஞருக்குப் போதிய நேரம் கொடுங்கள். பொன்னாடையையும் பாராட்டுரையையும் கச்சேரியின் நடுவில் வைத்து வரிசையைக் கலைக்காதீர்கள். அழைப்புக் கடிதத்திலேயே ஊரின் கோயிலையும், அதற்குப் பாட்டு உண்டென்பதையும் ஒரு வரி எழுதுங்கள். நல்ல கலைஞர் அதைக் கட்டாயம் மனத்தில் வைப்பார்.

ரசிகப் பெருமக்களே! சீட்டு அனுப்புங்கள், தவறில்லை. பழகிய பாட்டைக் கேட்டு எழுதும் அதே கையால், இந்த மண்ணில் பிறந்து இன்று யாரும் பாடாத ஒரு பாட்டையும் கேட்டு எழுதுங்கள். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாதீர்கள். மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாசித்த ஊர் இது. கேட்கும் ஊர் எப்படியோ, அப்படித்தான் பாடும் கலைஞரின் தேர்வும் அமையும். நல்ல பாட்டைக் கேட்டு வாங்கும் ஊர் என்று புதுக்கோட்டை மீண்டும் பேர் எடுக்க வேண்டும். அது நம் கையில்தான் இருக்கிறது.